எண்ணியது போதும், சோதித்துப் பாருங்கள்

எங்கள் உள்ளாட்சி மன்றத்தின் வனவிலங்குக் குழுவினருக்கு,

வணக்கம். கோவாலாக்களிடையே பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா நோய் குறித்து உங்களுக்கு ஆங்கிலத்தில் இருமுறை எழுதி, இருமுறையும் "தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது" என்ற ஒற்றை வரியைப் பதிலாகப் பெற்றவள் நான். தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தின் இந்தப் பகுதியில் வீடு வாங்கி வாழும் தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்று இம்முறை தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கிறேன். மொழிபெயர்ப்புச் சேவை உங்களிடம் உண்டென்று வரிச்சீட்டின் பின்பக்கத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்.

சென்ற வாரம் வெளியான உங்கள் கணக்கெடுப்பு அறிக்கையே இம்மடலுக்குக் காரணம். வெப்பமுணரும் கேமரா பொருத்திய ட்ரோன்களைக் கொண்டு மரத்துக்கு மரம் கோவாலாக்களை எண்ணிய உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது: "காணப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஆரோக்கியமாகத் தென்பட்டன." அந்தத் 'தென்பட்டன' என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

ஏனென்றால், அறிக்கை வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, வேலியோரம் தரையில் குந்தியிருந்த ஒரு பெண் கோவாலாவைத் துணி போர்த்தித் தூக்கி, கூடையில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. கண்கள் தெளிவாக இருந்தன, முகத்தில் நோயின் சாயலே இல்லை. பிட்டத்து மயிர் மட்டும் ஈரத்தில் பழுப்பேறி நாறியது. சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் அது முனகியது. அல்ட்ராசவுண்டு எடுத்த மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்: சிறுநீர்ப்பையின் சுவர் தடித்து, சிறுநீரகங்கள் வீங்கி, இரண்டு சூலகங்களின் பக்கமும் நீர்க்கட்டிகள் உப்பிக் கிடந்தன. இனி அது குட்டி ஈனப்போவதில்லை, வலி தீரப்போவதும் இல்லை. அன்று மாலையே அதை நிரந்தரமாகத் தூங்க வைத்தார்கள்.

அதன் காதில் உங்கள் மன்றத்தின் அடையாள வில்லை இருந்தது. சாலை விரிவாக்கத்துக்கு மரம் வெட்டுவதற்கு முன், பதினான்கு மாதங்களுக்கு முன்னால், உங்கள் ஒப்பந்தக்காரர்கள் அதைப் பிடித்திருக்கிறார்கள். எடை பார்த்திருக்கிறார்கள், பல் தேய்மானத்தைக் கொண்டு வயது குறித்திருக்கிறார்கள், பிறகு அடுத்த தோப்பில் விட்டிருக்கிறார்கள். படிவத்தில் "நலம்" என்று இருக்கிறது. நோய்ச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் ஒரு பஞ்சுக்குச்சி மட்டும் அதன் மேல் படவில்லை.

கோவாலாக்களை வாட்டும் கிளமிடியா பெக்கோரம் என்ற கிருமி மனிதரிடையே பரவும் கிளமிடியாவிலிருந்து வேறானது என்பதும், அது உடலுறவாலும் தாயிடமிருந்து குட்டிக்கும் தொற்றுவதும், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளிருந்தே கருப்பையைக் கெடுக்கக் கூடியதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. கண்ணிலும் சிறுநீர்ப் பாதையிலும் ஒத்தி எடுத்த மாதிரியைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பலாம்; காட்டிலேயே அரை மணி நேரத்தில் விடை தரும் சோதனையும் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. தொற்று பழையதாகி மாதிரியில் கிருமி அகப்படாமல் போனாலும் நீர்க்கட்டி அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காரணத்துக்காகவேனும் உங்கள் ஆட்கள் ஒரு கோவாலாவைக் கையில் பிடித்தால், சோதிக்காமல் அதைத் திரும்ப மரத்தில் விடாதீர்கள்.

முற்றிய பிறகு சிகிச்சை அளிக்கலாமே என்று சொல்வது எளிது. கோவாலாக்களின் உணவான தைல மர இலையின் நச்சையும் துவர்ப்பையும் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களை, நோயைக் கொல்லும் அதே ஆண்டிபயாடிக் மருந்து அழித்துவிடுவதால், கிருமி போன பின்பு கூண்டு நிறைய இலை இருக்கப் பட்டினியால் செத்த கோவாலாக்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தடுப்பூசியின் அருமை அப்போதுதான் புரியும். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தார் பத்தாண்டுக்கு மேல் உழைத்து உருவாக்கிய தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் அரசு ஒப்புதல் கிடைத்தது. காட்டுக் கோவாலாக்களிடையே இந்நோயால் நேரும் சாவு அதனால் குறைந்தது 65 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. ஒரே ஊசி போதும். "இரண்டாவது ஊசிக்கு அதே விலங்கைத் தேடிப் பிடிப்பது யார்?" என்று முன்பொரு கூட்டத்தில் நீங்கள் எழுப்பிய நியாயமான கேள்விக்கு இனி இடமில்லை.

செலவு என்பீர்கள். ரவுண்டானாவில் கோவாலா சிலை வைக்கவும், மன்றத்து வண்டிகள் எல்லாவற்றிலும் கோவாலா முத்திரை ஒட்டவும், விழாவில் கோவாலா வேடமிட்டவர் குழந்தைகளுடன் படம் எடுத்துக்கொள்ளவும் நிதிநிலை அறிக்கையில் இடம் இருந்தது. வேடமிட்டவருக்கு நோய் வராது என்பதால் அதுவே சிக்கனம் போலும். மரங்களை அகற்றிய மனைப்பிரிவுகளின் தெருக்களுக்கு அதே மரங்களின் பெயரைச் சூட்டும் நயத்தைப் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. வேண்டாம்; கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2022 பிப்ரவரியில் இந்த மாநிலத்துக் கோவாலாக்கள் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டன. கோவாலா கடற்கரை என்று நாம் அழைக்கும் பகுதியில் 1996 முதல் 2014 வரையிலான காலத்தில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு சரிந்தது. இப்படிக் குறைந்துவிட்ட கூட்டத்தில், ஈன முடியாத ஒரு பெண் கோவாலாவையும் உங்கள் ட்ரோன் 'ஒன்று' என்றே எண்ணும்.

எனவே தயைகூர்ந்து, பிடிக்கப்படும் ஒவ்வொரு கோவாலாவுக்கும் மாதிரி எடுப்பதையும் அல்ட்ராசவுண்டு பார்ப்பதையும் அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனையாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தொற்று இல்லாதவற்றுக்கு அங்கேயே ஊசி போட்டு விடுங்கள். தொற்று உள்ளவற்றை, முற்றுவதற்கு முன், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆகஸ்டு வாக்கில் இணை தேடும் பருவம் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே இது நடந்தால் நல்லது. ஆள் போதாதென்றால் சொல்லி அனுப்புங்கள். நுனியில் துணி கட்டிய நீளக் கழியைக் கோவாலாவின் தலைக்கு மேல் ஆட்டி அதைக் கீழிறக்க எங்கள் குழுவில் ஆறு பேருக்குப் பயிற்சியும் உரிமமும் இருக்கிறது, கழியும் எங்களுடையதே.

இப்படிக்கு,
உங்கள் மன்றத்துக்கு வரி கட்டும் தன்னார்வலர் ஒருத்தி