பூஜையறையில் சொல்லும் பொய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருக்குறளில் வாய்மை என்னும் 30ஆம் அதிகாரம் இல்லறவியலில் அல்லாமல் துறவறவியலில் இடம்பெற்றிருப்பதை எண்ணும்போது, பொய் சொல்லாதிருப்பது பிறரோடு பழகும் ஒழுக்கம் மட்டுமன்று, அகத்தைத் தூய்மை செய்யும் தவமும் ஆகும் என்று தோன்றுகிறது.

மும்பை மாட்டுங்காவில் முப்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை பஜனைக்குச் சென்று வரும் நான், மனைவி காலமான பிறகு, பாடும்போது மனம் நிறைகிறதா என்று கேட்ட நண்பர்களிடம் நிறைகிறது என்றே சொல்லிவந்தேன். உள்ளே வெறுமைதான் இருந்தது. யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் நாளடைவில் சுவாமி படத்தின் முன் தனியாக நிற்கும்போதும் அதே பதிலைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அதுதான் என்னை அச்சுறுத்தியது. ஓர் இரவு விளக்கேற்றிவிட்டு, "எனக்கு உன்மேல் கோபம், நம்பிக்கையும் குறைந்துவிட்டது" என்று வாய்விட்டுச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் செய்த உண்மையான பிரார்த்தனை அதுவே.

இதே நகரின் மணிபவனில் தங்கிப் பணியாற்றிய காந்தியடிகள், கடவுளே உண்மை என்று சொல்லிவந்ததை, பின்னாளில் உண்மையே கடவுள் என்று மாற்றிச் சொன்னார். கடவுளை மறுப்பவரும் உண்மையை மறுப்பதில்லை என்பது அவர் கருத்து. ஐயத்தோடு நிற்கும் பக்தனுக்கும் அதில் இடமுண்டு என்பேன்.

தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் அருளாளர்களின் அனுபவங்களோடு, எங்களைப் போன்ற எளியோரின் ஐயங்களுக்கும் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை.