தகட்டு எண் காட்டித் தந்த நூலகர் அம்மாவுக்கு

பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி தொகுப்பில் எனக்கு உதவிய அம்மா, உங்கள் பெயர் தெரியாது. தமிழும் உங்களுக்குத் தெரியாது, அங்கே படிக்கும் நம்ம ஆட்கள் யாராவது இதைச் சொல்லிவிடுங்கள்.

ஏறக்குறைய 29,000 பழைய அமெரிக்க இசைத் தாள்கள் இருக்கும் இடம் அது. என் கையில் இருந்ததோ அட்டை கிழிந்துபோன ஒரு போல்கா நடன இசைத் தாள், பதிப்பாளர் பெயர் உண்டு, ஆண்டு இல்லை. ஆண்டு இல்லாமல் ஆய்வுக் கட்டுரையை என் வழிகாட்டி தொடவே மாட்டார்.

நான் முழிப்பதைப் பார்த்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள். பக்கத்தின் அடியில் பொடிப்பொடியாக இருந்த எண்ணைக் காட்டினீர்கள். அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் ஸ்வரங்களைச் செதுக்கி அச்சடிப்பார்களாம், பதிப்பாளர்கள் பலர் தகடுகளுக்கு வரிசையாக எண் போட்டுக்கொண்டே போவார்களாம். அப்புறம் அதே பதிப்பாளரின் மற்ற தாள்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தீர்கள். 1870க்கு முன்பு காப்புரிமையை மாவட்ட நீதிமன்றத்தில்தான் பதிவார்கள், அதனால் முதல் பக்கத்தின் கீழே ஆண்டும் நீதிமன்றமும் இருக்கும் என்று பென்சில் முனையைத் தாளில் படாமல் பிடித்துக் காட்டினீர்கள். என் எண்ணுக்கு முந்தைய எண் உள்ள தாளில் 1854, அடுத்ததில் 1855; அப்படியென்றால் என் போல்காவும் அந்தச் சமயத்தில் வந்ததுதான். சாப்பாட்டு நேரம் போனதையே நீங்கள் கவனிக்கவில்லை. பட்டியலில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது, சொல்லப்போனால்.

கட்டுரை அடுத்து அச்சுக்குப் போகிறது. நன்றிப் பகுதியில் உங்கள் பெயரைப் போட வேண்டும், ஒரு வரி எழுதி அனுப்புங்கள் அம்மா.