கார்த்திகையில் எத்தனை?

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மா காரியத்துக்கு வந்து போனதோடு சரி, எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பேனாவை எடுத்தால் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும், அது முடியவில்லை. நீ கோபப்பட்டால் நியாயம்தான். ஆனால் நேற்று ராத்திரி நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

ஸ்டார் ட்ராக்கர் செய்து முடித்துவிட்டேன்! வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பி, நட்சத்திரம் படத்தில் கோடாக விழாமல் காக்கும் கருவி. இரண்டு பலகை, ஒரு கீல், 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு எம்6 போல்ட், அதைச் சிறு சிறு படியாகச் சுழற்ற ஒரு ஸ்டெப்பர் மோட்டார். கீலைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்து, போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் மேல்பலகை 1 மில்லிமீட்டர் எழும்பும். பூமி ஒரு சுற்று முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அதற்கு ஈடுகொடுக்க, போல்ட் கீலிலிருந்து 228.5 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும்.

அந்த அளவில்தான் போல்ட்டை வைத்தேன். இருந்தும் மூன்று வாரம் படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் குட்டிக் கோடாகவே விழுந்தது. மோட்டாரைப் பார்த்தேன், கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன், துருவத்தைத் திரும்பத் திரும்பக் குறிபார்த்தேன். கடைசியில் பார்த்தால், அளந்தது பலகையின் விளிம்பிலிருந்து. அளக்க வேண்டியது கீலின் ஊசியிலிருந்து. 6 மில்லிமீட்டர் பிசகு! வேறு துளை போட்டேன்.

முதலில் எதைப் பிடித்திருப்பேன் என்று உனக்கே தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத்தான். மொட்டை மாடியில் அம்மா "ஏழுடா" என்பார், நாம் இரண்டு பேரும் "ஆறுதான்" என்று மல்லுக்கட்டுவோம். ட்ராக்கர் இல்லாமல் 50 மில்லிமீட்டர் லென்ஸில் பத்து விநாடி தாண்டினாலே கோடு விழும் அல்லவா? நேற்று இரண்டு நிமிடம் திறந்து வைத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாம் ஊசிமுனைப் புள்ளி. அந்தக் கூட்டத்தின் அட்லஸ் என்ற நட்சத்திரத்தின் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு ப்ளையோனி என்ற நட்சத்திரம் நிற்கிறது. நம் கண்ணுக்கு ஒருநாளும் சிக்காதது. அம்மா அதைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் 16 படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். நட்சத்திரங்களைச் சுற்றி அந்த நீல மூட்டம்கூட லேசாக வந்திருக்கிறது. கடைசி இரண்டு மூன்று படத்தில்தான் மறுபடி இழுப்பு. போல்ட் நேராகப் போகிறது, பலகையோ வட்டத்தில் போகிறது. அரை மணி ஆனதும் வேகம் ஏறத்தாழ 2 சதவீதம் குறைந்துவிடுகிறது. மோட்டாரைப் படிப்படியாக வேகப்படுத்த ஒரு ப்ரோக்ராம் வேண்டும். அது உன் வேலை, தட்டிக் கழிக்காதே. வரும்போது நீ தூசி படிய விட்டிருக்கும் அந்தக் கேமரா முக்காலியையும் தூக்கி வா. நெபுலா ராத்திரியை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அந்த நன்றியாவது இருக்கட்டும்.

படத்தைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில் வை. முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு வை.

உன்,
மாப்ளே