பழைய இந்திப் பாடல்: எந்தப் பிரதியைக் கேட்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இந்தித் திரையிசை மாறிவந்த விதத்தை எழுதுவோர் பலரும், 1950களின் பாடகியர் குரல் கீச்சென்று இருந்தது, பின்னணி இசை எளிமையானது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் குறை பாடலில் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த பிரதியில் இருக்கிறது.

திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம் (படச்சட்டம்) ஓடும். நம் டிவி பின்பற்றிவந்த 'பால்' (PAL) ஒளிபரப்பு முறைக்கு 25 பிரேம். படத்தை அப்படியே வேகம் கூட்டி மாற்றினால் ஒலியும் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் விரைவாகும். 4 நிமிடப் பாடல் 3 நிமிடம் 50 விநாடியில் முடியும். சுருதி அரைக்கட்டையை நெருங்கும் அளவு ஏறும். லதா மங்கேஷ்கர் குரல் மேலும் சன்னமாகிவிடும், முகமது ரஃபியின் கனம் போய்விடும். டிவியிலிருந்தும் டிவிடியிலிருந்தும் இணையத்துக்கு ஏறிய பாடல்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. நல்ல எல்பி (நீண்டநேர இசைத்தட்டு) அல்லது சிடியில் பல்லவி 25 விநாடி ஓடினால், கோளாறான பிரதியில் 24 விநாடிதான் ஓடும். சரிசெய்ய, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையில் மைனஸ் 4 சதவீதம் கொடுங்கள். டெம்போவை மட்டும் குறைத்தால் தாளம் தளரும், சுருதி இறங்காது. 1940களில் படத்துக்கும் தட்டுக்கும் தனித்தனியே பாடிப் பதிவுசெய்ததும் உண்டு. அத்தகைய பாடல்களுக்கு இந்த ஒப்பீடு உதவாது.

அடுத்தது 78 ஆர்பிஎம் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிடம் போலத்தான் கொள்ளும். படத்தில் வரும் ஆலாபனையோ ஒரு சரணமோ அதில் விடுபட்டிருக்கலாம். தட்டை மட்டும் கேட்டு அக்காலப் பாடல்கள் சுருக்கமானவை என்பது தவறு. எல்பி ஊசியை வைத்து 78 தட்டை ஓட்டுவதும் கெடுதல். எல்பி ஊசியின் முனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் அல்லது அதற்கும் குறைவு. 78க்கு ஆயிரத்தில் மூன்று வேண்டும். மெல்லிய முனை பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசி இரைகிறது. அந்த இரைச்சலை நீக்கக் கடுமையான ஃபில்டர் போட்டால் 'ஸ்', 'ஷ்' ஓசைகளும் சலங்கையும் சேர்ந்து மறைந்துவிடும்.

கேசட் காலத்து 'ஜங்கார் பீட்ஸ்' எல்லாவற்றிலும் கொடுமை. பழைய பதிவின்மேல் எலக்ட்ரானிக் டிரம்மும் எதிரொலியும் ஏற்றியதில் தபலா, டோலக்கின் விரல் வேலை புதைந்துபோனது. இரட்டை இசையமைப்பாளர்களான சங்கர்–ஜெய்கிஷனுக்கு இசைக்கோப்பாளராக (எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று அமைப்பவர்) இருந்த செபாஸ்டியன் டிசோசா, குரலுக்கு அடியில் ஓடவிட்ட வயலின் வரிகளையும் அதில் கேட்கவே முடியாது. அந்தப் பிரதியில் பாட்டு பழகும் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் இழை இருந்ததே தெரியாமல் போகிறது.

இசை நிறுவனங்கள் ஒவ்வொரு பாடலுக்கும் மூலம் தட்டா, காந்த நாடாவா, படச்சுருளா என்பதையும் இசைக்கோப்பாளர் பெயரையும் குறிப்பிட வேண்டும். தங்கள் நாளிதழும் இசைப் பகுதியில் பழைய பாடலைப் பரிந்துரைக்கும்போது, எந்தப் பிரதி என்று ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசைத்தட்டு ஆர்வலர், கோவை