களைச்ச கைக்கு வந்த சுருதி

மல்லாவி,
ஆவணி.

அன்பின் மச்சான்,

நாங்கள் இங்கை நல்ல சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வற்றாப்பளை அம்மாளைக் கும்பிடுறன். வவுனிக்குளத்தில தண்ணி குறைவு, சிறுபோகம் அரைவாசிதான் செய்தது. அதை எழுதத் தொடங்கினால் கடிதம் முழுக்கப் புலம்பலாய்ப் போகும், விடு. நீ ஜாஸ் பாட்டுகள் போட்டு உன்ர தங்கச்சியிட்டை குடுத்துவிட்ட பென் டிரைவ் வந்து சேந்திட்டுது. அதைப் பற்றித்தான் எழுதவேணும்.

பறுவத்துக்கு விடுற போயா லீவு வந்தால் எங்கட வீட்டு மாமரத்துக்குக் கீழ நாலைஞ்சு பேர் கூடுறம். நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணை, அவரோட தவில் வாசிக்கிறவர், ஓட்டோ ஓடுற ஒரு பெடியன், நான். ஸ்பீக்கர் பெடியன்ர. தேத்தண்ணி என்ர மனிசியின்ர, முணுமுணுப்பும் அவவின்ரதான்.

முதல்ல டேவ் புரூபெக் குழுவின்ர 'டேக் ஃபைவ்' போட்டன், ஐஞ்சு எண்ணிக்கைத் தாளம். தவில்காரர் கொஞ்ச நேரம் தொடையில தட்டிப்போட்டு, "இது கண்டசாபுதான், ஆனால் தலைகீழாய்க் கிடக்கு" எண்டார். சரிதானே? எங்களுக்குத் தக தகிட, இரண்டும் மூண்டும்; அவங்களுக்குத் தகிட தக, மூண்டும் இரண்டும். ஜோ மொரெல்லோ தனிய ட்ரம்ஸ் அடிக்கிற இடத்தில பியானோ அந்த ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி வாசிக்குது பார், அது ஆருக்கும் பிடிக்கேல்லை. தவில்காரருக்கு மட்டும் பிடிச்சுது. "அது தாளம் போடுற ஆள். அவன் பிசகினால் நான் செத்தன்" எண்டார். டேவ் புரூபெக் 1958இல அமெரிக்க அரசு அனுப்பி நாடுநாடாய்ச் சுத்தேக்கை இலங்கைக்கும் வந்தவர் எண்டு சொன்னன். துருக்கித் தெருவில கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தைக் கொண்டுபோய் அடுத்த வருச இசைத்தட்டில முதல் பாட்டாக்கின மனிசன். ஒரு கோயில் திருவிழாவில ஆராவது அவரைக் கொண்டுபோய் இருத்தியிருந்தால் என்னவெல்லாம் வந்திருக்குமோ!

இனித்தான் விசயம். மைல்ஸ் டேவிஸின்ர 'கைண்ட் ஒப் புளூ' இசைத்தட்டை நீ இரண்டு தரம் போட்டிருக்கிறாய். ஒண்டு பழைய இசைத்தட்டிலயிருந்து எடுத்தது, மற்றது சீடி. பிழையாய் இரண்டு தரம் ஏத்திப்போட்டாய் எண்டு நினைச்சன். தட்டுப் பதிவின்ர முதல் பாட்டைப் போட்டுவிட, அண்ணை நாதஸ்வரத்தை எடுத்தார். அந்தப் பாட்டு 'சோ வட்', இரண்டுக்கட்டைச் சுருதி, கரகரப்பிரியா ராகத்தின்ர சுரங்கள். அண்ணையின்ர வாத்தியமும் இரண்டுக்கட்டை. நல்லாய்ச் சேரவேணும். சேரேல்லை. ஊதுற சீவாளியை மாத்தினார், ஊதிப் பாத்தார், சேரேல்லை. "இவங்கள் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில நிண்டு வாசிக்கிறாங்கள்" எண்டு வைச்சிட்டார். பெடியன் சும்மா இருக்காமல் சீடிப் பதிவைத் தட்டிவிட, அது ஒட்டிக்கொண்டுது! நடுவில எட்டு ஆவர்த்தனத்துக்கு அரைக்கட்டை ஏத்தி வாசிச்சிட்டு இறங்குவாங்களே, அந்த இடத்தில மட்டும் அண்ணை தடுமாறிச் சிரிச்சார்.

பிறகு வாசிச்சு அறிஞ்சன். 1959 மார்ச் 2ஆம் திகதி, நியூயோர்க்கில முந்தித் தேவாலயமாய் இருந்த ஒரு ஸ்ரூடியோவில முதல் மூண்டு பாட்டையும் பதிஞ்சவங்கள். அண்டைக்கு முதன்மை ரேப் மெசின் கொஞ்சம் மெதுவாய் ஓடியிருக்கு. மெதுவாய் ஓடினதைச் சரியான வேகத்தில போட்டால் பாட்டு விரைவாய், சுருதி ஏறித்தானே வரும்? ஏப்ரல் 22இல பதிஞ்ச மற்றப் பக்கத்துக்கு அந்தப் பிழை இல்லை. காவலுக்கு ஓடின இரண்டாவது மெசினின்ர ரேப்பை எடுத்து 1992இலதான் திருத்தினவங்கள். 33 வருசம் உலகமே முதல் பக்கத்தைக் கால் கட்டை கூடக் கேட்டிருக்கு.

இதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்லை மச்சான். ஏனெண்டு சொல்லுறன்.

மாங்குளம் ஸ்ரேசனில வேலை செய்த உன்ர சித்தப்பாவின்ர 'கைண்ட் ஒப் புளூ' கசற் ஞாபகம் இருக்கே? ரயில் 1990ஓட நிண்டுபோச்சு, ஆனால் மனிசன் சிற்றலையில அமெரிக்காவின் குரல் வானொலியைப் பிடிச்சு, ஜாஸ் நிகழ்ச்சி நடத்துற வில்லிஸ் கொனோவர் ஆறுதலாய்ச் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருப்பார். அந்த நிகழ்ச்சியின்ர தொடக்கப் பாட்டே ஒரு ரயிலைப் பற்றினது. தண்டவாளமே இல்லாத ஊரில! அவர் அந்தக் கசற்றைக் கொழும்பில ஆரின்ரையோ பழைய தட்டிலயிருந்து பதிஞ்சு கொண்டுவந்தவர். எண்டால் அதுவும் கால் கட்டை கூடினதுதான்.

அப்ப சண்டைக் காலம், பற்றறி தடைப்பட்டியலில இருந்தது. சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, டைனமோவை டயரில முட்டவிட்டு, டயோட் ஒண்டைக் கொழுவி நாங்கள் பாட்டுக் கேட்ட கேள்வி! பெடலைச் சுத்தினது எப்பவும் நீ. எனக்குக் கை நோ எண்டு நான் சொன்னது முழுப் பொய், இப்ப சொல்லுறன். நீ களைக்கக் களைக்க மைல்ஸின்ர ரம்பெட் கீழ இறங்கும், கோல்ட்ரேன் சக்ஸபோனைக் கள்ளுக் குடிச்சவன் மாதிரி இழுப்பார். நான் கத்துவன், "கெதியாய்ச் சுத்தடா, சுருதி போகுது!" எண்டு.

சுருதி போகேல்லையடா. நீ களைச்சு மெதுவாய்ச் சுத்தின ஏதோ ஒரு இடத்திலதான் அந்தப் பாட்டு அதின்ர உண்மையான சுருதிக்கு வந்திருக்கும். கீழ இறங்கேக்கை அதைக் கடந்துதானே போகவேணும்? பெரிய கொம்பனி மெசின் வைச்சுத் திருத்தினதை நீ மல்லாவியில உன்ர கையால திருத்திப்போட்டு, என்னட்டைப் பேச்சும் வாங்கினாய்.

இன்னொண்டும் யோசிச்சன். அந்த ரிம் சத்தத்துக்கும் உன்ர மூச்சுக்கும் நடுவில நீ அந்தப் பக்கத்தைக் கேட்டிருக்கவே மாட்டாய். பிறகு கேட்டியோ? கேட்கேல்லை எண்டால் சீடிப் பதிவைக் கேள். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு, பில் எவன்ஸின்ர பியானோ அதில கொஞ்சம் ஆறுதலாய் விழுகுது. தவில்காரருக்குத் தட்டுப் பதிவுதானாம், அதில துடிப்பு இருக்காம். இரண்டு போயாவாய் இந்தச் சண்டை ஓயேல்லை.

தங்கச்சி திரும்பேக்கை பென் டிரைவைக் குடுத்துவிடுறன். ஷக்தி குழுவின்ர முதல் தட்டைப் போட்டிருக்கு, 1975 யூலை 5இல மேடையில பதிஞ்சது. அதில கிற்றார் வாசிக்கிற ஜோன் மக்லாக்லினோட வயலின் வாசிக்கிற எல். சங்கர் யாழ்ப்பாணத்தில வளந்த பிள்ளை. தகப்பன் லக்ஷ்மிநாராயணா அங்கைதான் சங்கீதம் படிப்பிச்சவர், 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோட இந்தியா போனவை. பெடியன் நம்பவே இல்லை. விக்கு விநாயக்ராமின்ர கடம் வாற இடத்தில தவில்காரர் தேத்தண்ணியை ஆறவிட்டிட்டார், அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும். கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேந்து வாசிச்ச 'கின்ஸ்மென்' தட்டும் இருக்கு. அது அண்ணைக்கு நான் போட்டுக் காட்டினது. சக்ஸபோன் இரண்டு எண்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

நீ வரேக்கை பழைய தட்டு கிடைச்சால் தட்டையே கொண்டு வா. இரண்டாம் பக்கத்தையும் சுருதிப்பெட்டியில வைச்சுப் பாக்கவேணும் எண்டு அண்ணை நிக்கிறார். அந்தப் பக்கத்தில பிழை இல்லை எண்டு நான் எத்தினை தரம் சொல்லியும் நம்பிறாரில்லை.

உன்ர,
கை நோக்காரன்