துணிமணிக்கும் ஒரு நிருபர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ராபின் கிவான் என்ற அமெரிக்க ஃபேஷன் பத்திரிகையாளரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, "துணிமணி பற்றி எழுதுவதெல்லாம் ஒரு தொழிலா, அதற்கு அரைப் பக்கமா?" என்று ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருந்தார். நான் தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். அவருக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கட்டுரையை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தபோது அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அந்த அம்மாள் எப்படி உடுத்துவார், முடியை எப்படி வைத்திருப்பார் என்றெல்லாம் இருந்ததே தவிர, அவர் என்ன எழுதினார் என்பது அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பிறகு படிக்கிறவர் இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்காமல் என்ன செய்வார்?

என் மகள் இதழியல் படித்தவள். கிவான் எழுதியதில் சிலவற்றை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். அதை வைத்து எழுதுகிறேன்.

கிவான் பிறந்தது 1964இல் டெட்ராய்ட்டில். அது மோட்டார் தொழிற்சாலை ஊர், நம் திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கருப்பினக் குடும்பம். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, மிச்சிகனில் இதழியலில் மேற்படிப்பு முடித்து, சொந்த ஊர்ப் பத்திரிகையில் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோ போய், 1995இல் வாஷிங்டன் போஸ்ட்டுக்கு வந்தார். வாஷிங்டன் அரசியல்வாதிகளின் ஊர். பாரிஸிலும் மிலானிலும் நடக்கிற ஷோக்களைப் பார்த்து எழுதியதோடு அவர் நிற்கவில்லை, அந்த அரசியல்வாதிகளின் சட்டையையும் கோட்டையும் பார்க்க ஆரம்பித்தார். அதில்தான் பெயர் வந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2005 ஜனவரியில், ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் 60ஆம் ஆண்டு நினைவு நாள். போலந்தில் கடும் பனி. உலகத் தலைவர்கள் எல்லாரும் கறுப்பு நிற நீளக் கோட்டில் நிற்கிறார்கள், அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி மட்டும் தொப்பி வைத்த பச்சை நிறக் குளிர் ஜாக்கெட், தலையில் எழுத்து தைத்த கம்பளிக் குல்லா, காலில் மலையேறும் பூட்ஸ். பனி அள்ளும் மெஷின் ஓட்டப் போகிறவர் மாதிரி வந்திருக்கிறார் என்று கிவான் எழுதினார். அதைப் படித்தால் முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் அந்த இடம் எது, அங்கே செத்தவர்கள் எத்தனை லட்சம் பேர் என்று நினைத்துப் பார்த்தால், அது ஜாக்கெட்டைப் பற்றி எழுதியது இல்லை என்று புரியும். சாவு வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்பது நம் ஊரில் படிக்காதவருக்கும் தெரியும், உலகத்தின் பெரிய பதவியில் இருந்தவருக்குத் தோன்றவில்லை. இப்படி எழுதியதற்குத்தான் 2006இல் அவருக்கு, அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கிற பெரிய பரிசான புலிட்சர், விமர்சனப் பிரிவில் கிடைத்தது. ஃபேஷன் எழுத்துக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று இல்லை. 2007இல் ஹிலாரி கிளிண்டன் செனட்டில் பேசியபோது அவருடைய மேல்சட்டையின் கழுத்து கொஞ்சம் இறங்கியிருந்தது என்று கிவான் ஒரு முழுக் கட்டுரை எழுதினார். பெரிய ரகளை ஆயிற்று, ஹிலாரியின் தேர்தல் ஆட்கள் அதைக் காட்டியே நன்கொடை கேட்டார்கள். கழுத்து இறக்கம் அளப்பது என் வேலை, பத்திரிகைக்காரர் அளந்தால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதைப் படித்து நாடே சண்டை போட்டது என்றால், அந்த எழுத்தை ஒன்றுமில்லாதது என்று எப்படிச் சொல்வது?

அவர் வாழ்க்கையும் சீராகப் போனது இல்லை. 2010இல் போஸ்ட்டை விட்டு வேறு இடம் போனார், இரண்டு வருஷத்தில் அங்கே ஆட்குறைப்பில் வேலை போயிற்று. அப்போதுதான் 1973இல் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு டிசைனர்களும் அமெரிக்க டிசைனர்களும் ஒரே மேடையில் மோதிய ராத்திரியைப் பற்றிய புத்தகத்தில் இறங்கினார். அரண்மனை ரிப்பேருக்குப் பணம் திரட்ட நடந்த நிகழ்ச்சி அது. பிரெஞ்சுக்காரர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, கைதட்டலை அள்ளியது அமெரிக்கக் கோஷ்டி, அதில் நடந்து வந்த கருப்பினப் பெண்கள்தான் அதற்குப் பெரிய காரணம். 2014இல் போஸ்ட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. உங்கள் கட்டுரையில் இது எதுவும் இல்லை, கைப்பை இருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். உடையை அரசியலாக ஆக்கியதில் தமிழ்நாட்டை மிஞ்ச ஆள் உண்டா? பெரியாரின் கறுப்புச் சட்டை, எம்.ஜி.ஆரின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கலைஞரின் மஞ்சள் துண்டு, ஜெயலலிதா முதல் தடவை முதல்வராக இருந்தபோது புடவைக்கு மேலே போட்டிருந்த அங்கி, வைகோவின் கறுப்புத் துண்டு. கரை வேட்டியின் கரையைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். 2014இல் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி வேட்டி கட்டி வந்தார் என்று சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை, அதற்காகச் சட்டசபையில் சட்டமே போட்டார்கள். இத்தனையும் நடந்த ஊரில் உடையைப் பார்த்து எழுத ஒரு நிருபர் கிடையாது, அதெல்லாம் துணுக்காகவோ கிசுகிசுவாகவோ போய்விடுகிறது.

எங்கள் கடையில் ஜென்ட்ஸ் தையல் என் வீட்டுக்காரர் பொறுப்பு. தேர்தல் வந்தால் வெள்ளைச் சட்டை ஆர்டர் குவியும். பாக்கெட்டுக்குள் இருக்கும் தலைவர் படம் வெளியே நன்றாகத் தெரிய வேண்டும், அதனால் துணி மெல்லிசாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். கட்சி மாறினால் படம் மாறும், சட்டை அதேதான். இதை ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதினால் எந்தக் கருத்துக்கணிப்பையும்விட சுவாரசியமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அரசியல்வாதிகளை விடுங்கள், எங்கள் பக்கத்துப் பெண்களின் உடை நைட்டி. பால் வாங்க, லாரித் தண்ணீர் பிடிக்க, ரேஷன் வரிசைக்கு, பிள்ளையை ஸ்கூலில் விட, எல்லாவற்றுக்கும் நைட்டி, மேலே ஒரு துண்டோ துப்பட்டாவோ. மெயின் ரோடு வரைக்கும் அது போதும், மெயின் ரோட்டைத் தாண்டி பஸ்ஸோ மெட்ரோவோ ஏற வேண்டும் என்றால் சுடிதார் அல்லது புடவை. அந்தக் கோட்டை யார் போட்டது, எப்போது போட்டது, தாண்டினால் யார் கேட்பார்கள், அந்தத் துண்டு வெயிலுக்கா, மாமியாருக்கா, தெருமுனையில் நிற்கிற பையன்களுக்கா? என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் நைட்டியில் பாக்கெட் வைத்துத் தா அக்கா என்கிறார்கள், போன் வைக்க இடமில்லை. ஆண்கள் பெர்முடாஸில் நாலு பாக்கெட், பெண்கள் கையிலேயே போனையும் சாவியையும் காசையும் பிடித்துக்கொண்டு குடமும் தூக்க வேண்டும். சினிமாக்காரர்களுக்கு வடசென்னை என்றால் லுங்கியும் கத்தியும்தான், அதைத் திருத்தவாவது பத்திரிகை வரக்கூடாதா?

துணி எங்கள் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1700களின் தொடக்கத்தில் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் காலாடிப்பேட்டை. பெரம்பூரில் பின்னி மில் 1996இல் மூடும்வரை காக்கித் துணி அங்கேயிருந்து எங்கெங்கோ போயிற்று, என் மாமனார் அங்கே தறிக்காரர். 1950களின் கடைசியில் நம் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி அமெரிக்காவில் துவைத்தால் சாயம் போகிறது என்று பெரிய வழக்காகப் போகவிருந்ததாம், ஒரு பெண்கள் பத்திரிகை அதையே 'சாயம் கசியும் அதிசயத் துணி' என்று எழுத, குறையே ஃபேஷனாகி எல்லாரும் கேட்டு வாங்கினார்களாம். எழுத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம், சாயம் போகிற துணியை விற்றுவிட்டு அதிசயம் என்று சொன்னால் என் கஸ்டமர் என்னைச் சும்மா விடமாட்டார்.

நான் தையல் பழகியது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில். பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி, நாள் முழுக்க காலர் மட்டும்தான், முழுச் சட்டை தைக்கக் கற்றது வெளியே வந்த பிறகு. 2013 ஏப்ரலில் டாக்கா பக்கம் தையல் ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் முக்கால்வாசி என் மாதிரி தைக்கிறவர்கள். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகைக்காரர்கள் நிறையப் பேர் லேபிளைத் திருப்பிப் பார்த்து, இதை யார் தைத்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள். இங்கே அப்படிக் கேட்க ஆள் இல்லை.

உங்களுக்கு இருக்கிற சங்கடமும் தெரிகிறது. ஆடி வந்தால், தீபாவளி வந்தால் முதல் பக்கம் முழுக்க ஜவுளிக்கடை விளம்பரம். அந்தக் கடைத் துணியைப் பற்றி உண்மையை எழுதினால் விளம்பரம் நிற்கும். அமெரிக்காவிலும் அப்படித்தான், 2012இல் நியூயார்க் டைம்ஸின் ஃபேஷன் விமர்சகர் கேத்தி ஹோரினை ஒரு பெரிய கம்பெனி தன் பாரிஸ் ஷோவுக்குக் கூப்பிடவே இல்லை, அவர் படங்களைப் பார்த்தே விமர்சனம் எழுதிப் போட்டார். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு நிருபருக்கு முழுச் சம்பளம் கொடுங்கள், கோலப்போட்டிக்கும் வடை செய்முறைக்கும் நடுவில் அவரைச் செருகாதீர்கள், அது போதும்.

என் மகளுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். துணி பற்றி எழுத வேண்டும் என்று ஆசையாக ஒரு ஆபீஸுக்குப் போனாள், நடிகை என்ன கட்டினார் என்று பத்து படம் போட்டுத் தலைப்பு வைக்கச் சொன்னார்கள். இப்போது பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், கெட்டிக்காரி, பாஸ் பண்ணிவிடுவாள்.

வேறு யாரையாவது அனுப்புங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டுக்கு வரச் சொல்லுங்கள், எந்தச் சட்டை எந்த ஊரிலிருந்து மூட்டையாக வந்து என்ன விலைக்குப் போகிறது என்று கடைக்காரர்களே சொல்வார்கள். காலையிலேயே வந்துவிட வேண்டும், பதினோரு மணிக்கு மேல் அங்கே நிற்க இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
தண்டையார்பேட்டை, சென்னை