உமி கேட்டு வந்த முலாம் பட்டறை அண்ணன்மார்களுக்கு

மதுரையில் நிக்கல், குரோமிய முலாம் பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர், சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர் ரைஸ்மில்லுக்கு வந்து, முலாம் போட்ட சாமானை அலசிய, உலோகம் கலந்த தண்ணீரைப் பற்றி, "உமி போட்டா தண்ணி சுத்தமாயிருமாமே சார்?" என்று கேட்டார். வேதியியல் வாத்தியாராக இருந்தவன் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். அவருக்குப் பஸ் வந்துவிட்டது. "ஆகும்" என்று மட்டும் சொன்னேன். அது பாதிப் பதில்.

உமி, நிலக்கடலைத் தொலி, தென்னைநார்த் தூள் எல்லாமே உலோகத்தைப் பிடிக்கும். பச்சை உமி மட்டும் கொஞ்சம் சோம்பேறி. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கா, அதாவது மணல்சத்து. நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகே சுறுசுறுப்பாகும். அலசாமல் போட்டால் டீத்தண்ணி மாதிரி சாயம் இறங்கும்.

நிக்கல், பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5, 6 வாக்கில் உமியில் நன்றாக ஒட்டும். முலாம் தொட்டியில் இருக்கும், நஞ்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமோ நல்ல அமிலத்தில், பி.எச். 2 அளவில்தான் மசியும். அங்கே உமியே அதை நஞ்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறக்கும். இரண்டு அலசல் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டும் கெட்டது. சயனைடு முலாம் போடுகிறவர்கள் அந்தத் தண்ணீரை அமிலத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள், கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்.

வெளியே விடும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உமியை மட்டும் நம்பி அதைச் சாதிக்கப் பார்க்காதீர்கள். இப்போதுள்ள சுத்திகரிப்புக்குப் பின்னால் கடைசி வடிகட்டியாக வைத்து, ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்.

இதெல்லாம் எழுதக் காரணமே வேறு. உலோகம் குடித்த உமி என்ன ஆகும்? பார்வைக்குச் சாதாரண உமிதான். யாராவது செங்கல் சூளைக்குக் கேட்பார், கொடுத்துவிடுவீர்கள். எரித்தால் சாம்பலில் குரோமியம் மறுபடி ஆறு இணைதிறனுக்கே ஏறலாம். உரமென்று வயலில் கொட்டினால் வைகைப் பாசனத்தில் விளையும் எங்கள் நெல்லுக்கே திரும்பிவரும். உலோகம் குடித்த அந்த உமி, 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் சொல்லும் அபாயக் கழிவு. டிரம்மில் மூடி, சீட்டு ஒட்டி, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள், உமி மலிவா என்று.

கட்டுப்படியாகும் என்றால் அடுத்த அறுப்புக்கு மில்லில் சொல்லி நானே ஏற்றி அனுப்புகிறேன். சாக்கு மட்டும் காலியாகத் திரும்பி வரட்டும்.